ஹெரால்டின் பின்னால் ஒரு கொக்கி

ஆடி மாதம் எங்கள் ஹெரால்டு காருக்கு டிரெய்லர் கொக்கி மாட்டினோம். புரட்டாசியில் கொலுப் பொம்மைகளை ஏற்றிக்கொண்டு தேனி வரை போய்த் திரும்பியும் ஆயிற்று. வேலையைத் தொடங்கும் முன் இதைப் பற்றித் தமிழில் ஏதாவது கிடைக்குமா என்று நாள்கணக்கில் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. அதனால் நாங்கள் செய்ததை, தப்பு செய்த இடங்களையும் சேர்த்து, அப்படியே எழுதி வைக்கிறேன். பழைய சின்னக் கார் வைத்திருக்கும் யாருக்காவது உதவும்.

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா ஓட்டிய இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 948 சிசி. சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூர் பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரான வண்டி. இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் 1959ல் வந்தது, வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலாட்டி. எங்கள் வண்டிக்குக் கூரை கிடையாது. பலரும் யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஹெரால்டின் கூரை போல்ட் போட்டுத்தான் மாட்டப்பட்டிருக்கும். பெரியப்பா எழுபதுகளில் அதைக் கழற்றிவிட்டு, தார்ப்பாய்க்காரரிடம் சொல்லி மடக்குத் துணிக்கூரை தைத்துப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் தெருவில் அது ஸ்போர்ட்ஸ் கார்தான். பெயருக்கு மட்டுமில்லை, உறவும் அப்படித்தான்: டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற அசல் ஸ்போர்ட்ஸ் கார் 1962ல் வந்தபோது இதே ஹெரால்டின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கி அதன்மேல்தான் கட்டினார்கள்.

இந்த வண்டிக்கு எதற்குக் கொக்கி? என் மதினி விளாச்சேரிக்காரர். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விளாச்சேரி தெரியுமல்லவா, கண்மாய் மண்ணை எடுத்துக் கொலுப் பொம்மையும், கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மையும் செய்கிற ஊர். மதினியின் தங்கையைத் தேனியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அங்கே வீட்டுக் கொலு ஒன்பது படி, ஒவ்வொரு வருடமும் அக்கா கையால் செய்த பொம்மைகள் போய்ச் சேர வேண்டும். போன வருடம் ஒரு வாடகை வண்டியில் ஏற்றி அனுப்பினோம். கல்யாண செட்டில் பாதியும் தசாவதாரத்தில் மூன்றும் உடைந்துதான் போய்ச் சேர்ந்தன. மூன்று மாத உழைப்பு. மதினி ஒன்றும் பேசவில்லை, உடைந்த துண்டுகளை ஒரு சாக்கில் போட்டுத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார், அவ்வளவுதான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அடுத்த வருடம் நானே கொண்டுபோவேன், என் வேகத்தில், என் வண்டியில். ஹெரால்டின் டிக்கியில் பெட்டிகள் அடங்காது. அதனால் டிரெய்லர்.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988ன்படி டிரெய்லரும் ஒரு தனி வாகனம், அதற்கும் பதிவு வேண்டும், காரின் அமைப்பில் செய்யும் மாற்றத்தைப் பற்றியும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. இரும்பு வாங்குவதற்கு முன்னால் ஆர்டிஓ அலுவலகத்தில் போய்க் கேட்டு, இன்சூரன்ஸிலும் பேசிவிட்டுத்தான் இறங்கினேன். அலைச்சல்தான், ஆனால் வழியில் ஒரு அசம்பாவிதம் நடந்த பிறகு அலைவதைவிட இது தேவலை. சொந்தக் காரில் வாடகைச் சரக்கு ஏற்றக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். நாங்கள் ஏற்றுவது வீட்டுப் பொருள் மட்டும்.

சரி, வேலைக்கு வருவோம்.

புதூர் பக்கம் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் பாயிடம்தான் போனேன். டிராக்டர் டிரெய்லர் வேலை நிறையப் பார்த்தவர். வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்த்துவிட்டு, அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, கொக்கிய பாடில மாட்டணுமா, சேசிஸ்ல மாட்டணுமா?" இந்த ஒரு கேள்வியில்தான் மொத்த வேலையும் அடங்கியிருக்கிறது. கொக்கி எத்தனை கனமான இரும்பு என்பதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். கொக்கி உடைந்து நான் பார்த்ததில்லை, கொக்கியை மாட்டிய இடம் பிய்ந்து வருவதைத்தான் பார்த்திருக்கிறேன். டிரெய்லர் இழுக்கிற இழுவை எந்த வழியாகப் போய் வண்டியின் எந்தப் பாகத்தில் சேருகிறது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோடு மெல்லிய தகட்டில் முடிந்தால் அந்தக் கொக்கி வேண்டாம்.

ஹெரால்டு இந்த விஷயத்தில் கொடுத்து வைத்த வண்டி. அது வந்த காலத்தில் பெரும்பாலான சின்னக் கார்கள் பாடியும் சேசிஸும் ஒன்றாக, ஒரே கூடாக மாறிவிட்டிருந்தன. நம்ம ஊர் ஃபியட் 1100, பின்னாளில் பத்மினி என்று பெயர் மாறியதே, அதுவும் அந்த ரகம்தான். ஆனால் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் கம்பெனிக்குப் பாடி செய்து கொடுத்த நிறுவனத்தை 1953ல் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழுக் கூட்டையும் ஒரே இடத்தில் செய்து தர ஆள் இல்லாமல், பாடியைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்து, கனமான தனிச் சேசிஸின் மேல் போல்ட் போட்டு இணைக்கிற மாதிரி ஹெரால்டை வடிவமைத்தார்கள். கூரை கழன்று வருவதற்கும் அதுதான் காரணம், எனக்குக் கொக்கி மாட்ட நல்ல இரும்பு கிடைத்ததற்கும் அதுதான் காரணம். நடுவில் இரண்டு பெட்டிக் குழாய்கள் முன்னிருந்து பின்வரை ஓடுகின்றன. அவற்றிலிருந்து பக்கவாட்டில் கைகள் நீண்டு பாடியைத் தாங்குகின்றன. டிக்கிக்கு அடியிலும் அப்படிக் கைகள் உண்டு.

ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். அதில் பக்கக் கைகளை எடுத்துவிட்டார்கள், கதவுக்குக் கீழே இருக்கும் பாடிப் பெட்டிதான் அந்தப் பலத்தைத் தருகிறது. அடியில் படுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் வண்டியில் அடியில் படுத்துப் பார்த்ததும் முதல் அடி விழுந்தது. பாய் ஒரு சின்னச் சுத்தியலால் சேசிஸைத் தட்டிக்கொண்டே பின்னால் வந்தார். டங், டங் என்று கேட்டுக்கொண்டே வந்த சத்தம் டிக்கிக்கு அடியில், இடது கையில், பொத்தென்று ஆனது. மேலே கறுப்புத் தார் பூச்சு நன்றாகத்தான் இருந்தது. ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினார், உள்ளே போய்விட்டது. எப்போதோ ஒரு பட்டறையில் துரு தின்ற இடத்தை வெட்டாமல், பட்டி வைத்து நிரப்பி, மேலே தார் அடித்து மூடியிருக்கிறார்கள். பெரியப்பா அதற்கு முழுக் காசு கொடுத்திருப்பார் என்று நினைக்கும்போது வயிறு எரிந்தது. பட்டியில் போல்ட் போட்டு டிரெய்லரை மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. ஹெரால்டில் இந்த டிக்கி கைகள்தான் முதலில் துரு பிடிக்கும் இடம். மண்ணும் தண்ணீரும் போய்த் தங்க வசதியான மூலை. உங்கள் வண்டியிலும் சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

அந்தக் கையை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, 14 கேஜ் தகட்டை மடித்துப் புதுப் பெட்டி செய்து வெல்டிங் வைத்தார். அதற்கு முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றினோம். ஹெரால்டில் டேங்க் டிக்கிக்குள்ளேயே ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கிறது, வெல்டிங் வைக்கிற இடத்துக்கும் அதற்கும் ஒரு தகடுதான் குறுக்கே. டேங்க் காலியாகத்தானே இருக்கிறது, ஈரச் சாக்கைப் போட்டு மூடிக்கொள்ளலாம் என்று பட்டறையில் ஒரு பையன் சொன்னான். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து, உள்ளே இருப்பது முழுக்க ஆவி. கழற்றித் தெருக்கோடியில் கொண்டுபோய் வைத்த பிறகுதான் பாய் ஹோல்டரைக் கையில் எடுத்தார். பேட்டரி வயரையும் கழற்றிவிட்டோம்.

கொக்கியின் வடிவத்துக்கு முதலில் அட்டைப்பெட்டியைக் கிழித்து மாதிரி வெட்டினோம். இரண்டு நாள் அட்டையோடுதான் போனது. நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: வண்டியில் புதிதாக ஒரு ஓட்டைகூடப் போடக் கூடாது. இருக்கிற பம்பர் போல்ட் ஓட்டையும் பாடி போல்ட் ஓட்டையும் போதும். நாளைக்கு யாராவது இந்தக் கொக்கியைக் கழற்றினால் வண்டி பெரியப்பா விட்டுப்போன மாதிரியே இருக்க வேண்டும். கடைசியில் வந்த வடிவம் இது: டிக்கிக்கு அடியில் குறுக்காக 50க்கு 50 சதுரக் குழாய், 5 மில்லிமீட்டர் கனம். அதிலிருந்து முன்பக்கமாக இரண்டு நீளக் கைகள், சேசிஸின் இரண்டு பெட்டிக் குழாய்களையும் ஒட்டிக்கொண்டு போய், ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில் போல்ட்டில் உட்காரும். நடுவில் 12 மில்லிமீட்டர் பிளேட், அதில் டிரெய்லரின் மூக்கு வந்து உட்காரும் இரும்புப் பந்து.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, பெட்டிக் குழாயில் ஊடுருவிப் போகிற போல்ட்டை இறுக்கினால் பெட்டி நசுங்கும். நசுங்கியதும் இறுக்கம் போய்விடும், திரும்ப இறுக்குவோம், இன்னும் நசுங்கும். அதனால் உள்ளே, போல்ட்டைச் சுற்றி, பெட்டியின் உள்ளகலத்துக்குச் சரியாக வெட்டிய ஸ்லீவ் குழாய் ஒன்று இருக்க வேண்டும். பாய் அவற்றை லேத்தில் கடைந்து கொடுத்தார், நான்கு ஸ்லீவ். வெளியில் பார்த்தால் தெரியவே தெரியாத வேலை, ஆனால் மொத்தத்தில் இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். இரண்டாவது, இந்த வண்டி முழுக்க அங்குல மரை. கடையில் கிடைக்கிற மில்லிமீட்டர் போல்ட்டை எடுத்து முறுக்கினால் முதல் ஓரிரு சுற்று சமர்த்தாகப் போகும், அப்புறம் மரையைத் தின்றுவிடும். ஒரு நட்டை நான் அப்படிக் கெடுத்தேன். அது பெட்டிக்குள் வெல்டிங் வைத்த நட்டு, அதை எடுத்து மாற்றுவதற்கு ஒரு நாள் முழுக்கப் போனது.

பந்து விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம், கையில் வெர்னியர் வைத்து அளந்து வாங்குங்கள். 50 மில்லிமீட்டர் பந்து ஒரு ரகம், அமெரிக்க அளவில் ஒன்றேமுக்கால் அங்குலமும் அரைக்கால் அங்குலமும் சேர்ந்த ரகம் இன்னொன்று, அது 47.6 மில்லிமீட்டர்தான் வரும். இரண்டு அங்குலப் பந்தும் உண்டு, 50.8. கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். டிரெய்லரின் மூக்கில் பந்தைக் கவ்வுகிற கிண்ணம்தான் கப்ளர். 50க்கான கப்ளரைச் சின்னப் பந்தின்மேல் போட்டால் அழகாக உட்காரும், பூட்டும் விழும், ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது எகிறிக் கழன்றுவிடும். நான் 50 பந்து, இரண்டு போல்ட் ரகம் எடுத்தேன். 16 மில்லிமீட்டர் போல்ட், 8.8 கிரேடு, நடுவுக்கு நடு 90 மில்லிமீட்டர். டார்க் ஸ்பேனரில் 200 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினோம். இவை தவிர, பந்து கழன்றாலும் டிரெய்லர் தனியாக ஓடிவிடாமல் இருக்க இரண்டு சங்கிலி, குறுக்கு மறுக்காக. அவற்றை மாட்டும் வளையம் பந்தின் பிளேட்டில் இல்லை, குறுக்குக் குழாயில் நேராக வெல்டிங் வைத்தது. பிளேட்டே பிய்ந்து வந்தாலும் சங்கிலி பிடிக்க வேண்டும் அல்லவா.

டிரெய்லரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாலடிக்கு மூன்றரை அடித் தொட்டி, மாருதி 800ன் 12 அங்குலச் சக்கரம். லீஃப் ஸ்பிரிங் முதலில் போட்டது சுமை ஆட்டோவுடையது. காலி டிரெய்லர் திருநகர் வேகத்தடையில் ஒரு முழ உயரம் குதித்தது. மண் பொம்மைக்கு அது ஆகாது. பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, 220 கிலோ மொத்த எடைக்கு நான்கு விரல் இறங்குகிற அளவுக்குக் கொண்டுவந்தோம். அந்த 220ல் டிரெய்லரே 110. பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் பிரிட்டனில் காரின் எடையில் பாதி வரை இழுக்கலாம் என்று விதி வைத்திருக்கிறார்கள். ஹெரால்டு 800 கிலோ சொச்சம், அந்தக் கணக்கில் 400 வருகிறது. ஆனால் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் வைத்த வண்டியில் எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. 250ஐத் தாண்ட மாட்டேன் என்று வைத்துக்கொண்டேன்.

இப்போது இந்த வண்டிக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். ஹெரால்டின் பின் ஆக்சில் ஒரே தண்டு கிடையாது. நடுவில் டிஃப்ரென்ஷியல் என்கிற பல்சக்கரப் பெட்டி சேசிஸோடு இறுகியிருக்கும், இரண்டு பக்கமும் அரை ஆக்சில்கள் சக்கரத்தோடு சேர்ந்து ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் ஆடும். மேலே குறுக்காக ஒரு லீஃப் ஸ்பிரிங். பின்னால் பாரம் ஏறினால் வண்டி தாழ்ந்து, சக்கரங்களின் தலை உள்பக்கம் சாயும். பாரம் குறைந்து பின்பக்கம் எழும்பினால் நேர்மாறாக, சக்கரத்தின் அடிப்பக்கம் உள்ளே மடங்கப் பார்க்கும், அந்த நிமிடம் சாலையைப் பிடிக்கிற பிடி போய்விடும். வளைவில் பிரேக் அடித்தால் இதுதான் நடக்கும், டிரெய்லர் இல்லாமலே. பின்னால் 220 கிலோ ஒன்று பந்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். இந்த ஆக்சில் நம்ம சாலைக்குச் சரிப்படவில்லை என்றுதான் எழுபதுகளில் வந்த ஸ்டாண்டர்டு கஸலில் ஒற்றைத் தண்டு ஆக்சிலுக்கு மாறினார்கள். கஸல் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

அதனால் ஹெரால்டில் டிரெய்லரின் மூக்கு பந்தின்மேல் எவ்வளவு எடை அழுத்துகிறது என்பதைக் கிலோ கணக்கில் தெரிந்துகொள்ள வேண்டும். மூக்கு எடை டிரெய்லர் மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. எங்களுக்கு 11 முதல் 22 கிலோ. குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டும். கூடினால் காரின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். பந்து பின் சக்கரத்தின் நடுவிலிருந்து 95 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 232 சென்டிமீட்டர். நெம்புகோல் கணக்குத்தான்: பந்தில் 18 கிலோ வைத்தால் முன் சக்கரத்திலிருந்து 7 கிலோவுக்கு மேல் தூக்கிவிடும், பின் சக்கரத்தில் 25 கிலோ ஏறும். இந்த 25 ஸ்பிரிங்குக்குப் பெரிதில்லை. டிக்கியில் வேறு ஒன்றும் வைக்காமல் இருந்தால் போதும்.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். வீட்டில் ஆள் எடை பார்க்கிற மெஷினைத் தரையில் வைத்து, பந்தின் உயரத்துக்கு ஒரு கட்டையை வெட்டி அதன்மேல் நிறுத்தி, கப்ளரை அதில் உட்கார வைத்தால் எடை காட்டிவிடும். பந்தின் நடு தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் இருக்கிற மாதிரி வைத்தோம், டிரெய்லர் தரைமட்டத்துக்குச் சமமாக நின்றது.

முதல் ஓட்டத்தில் இதை அளக்காமல் போனேன். பொம்மைக்குப் பதில் மணல் மூட்டை, ஏற்றியவர்கள் வசதிக்குப் பின்பக்கமாகவே போட்டுவிட்டார்கள், நானும் கவனிக்கவில்லை. ரிங் ரோட்டில் 50ஐத் தொட்டதும் வண்டியின் பின்பக்கம் மெல்ல இடமும் வலமும் ஆட ஆரம்பித்தது. முதலில் காற்று என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லர் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டு வருகிறது, ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிது. பிரேக் அடிக்கக் கூடாது, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பித் திருத்தவும் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, அது தானாக அடங்கும் வரை பொறுத்தேன். 35க்கு வந்ததும் அடங்கியது. ஓரமாக நிறுத்தி ஒரு மூட்டையைத் தூக்கி முன்னால் போட்டேன், ஒரே ஒரு மூட்டை. அப்புறம் 60 வரை போனேன், டிரெய்லர் பின்னால் இருப்பதே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அளந்தபோது 18 கிலோ காட்டியது. அதைத்தான் இன்றுவரை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வயரிங்கில் ஒரு வாரம் போனது. ஏழு கம்பி கேபிள், ஏழு பின் சாக்கெட், அது சுலபம். பின் விளக்குக்கு எல்இடி வாங்கி மாட்டினேன், எரியவே இல்லை. எங்கள் ஹெரால்டில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் எர்த், இன்றைய வண்டிகளுக்கு நேர் எதிர். சாதா பல்புக்கு எந்தப் பக்கம் கரண்ட் வந்தாலும் ஒன்றுதான், எல்இடிக்கு அப்படி இல்லை. எல்இடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய பல்பு விளக்கே போட்டேன். அடுத்தது இண்டிகேட்டர். அதை விட்டு விட்டு எரிய வைக்கிற பழைய ஃப்ளாஷர், உள்ளே கம்பி சூடாகிக் குளிர்வதை வைத்து வேலை செய்வது. டிரெய்லரின் 21 வாட் பல்பும் சேர்ந்ததும் கரண்ட் கூடி, படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. பக்கத்துக்கு ஒரு ரிலே போட்டு, டிரெய்லர் பல்புக்குப் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்த பிறகு சரியாகிவிட்டது. இப்போது ஃப்ளாஷருக்கு டிரெய்லர் இருப்பதே தெரியாது.

ரிவர்ஸ் எடுப்பதற்குத் தனியாகப் பழக வேண்டும். ஹெரால்டு 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும், லண்டன் டாக்சிக்குச் சமம் என்பார்கள், விளாச்சேரிச் சந்துகளில் அதனால்தான் இந்த வண்டியை அவ்வளவு பிடிக்கும். டிரெய்லர் மாட்டியதும் அதே குணம் எதிரியாகிவிடுகிறது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கூடுதலாக ஒடித்தால் போதும், டிரெய்லர் மடங்கி வந்து பம்பரை இடிக்கும். டிரெய்லர் தொட்டியிலிருந்து பந்து வரை நீளும் இழுகம்பியை ஐந்தடி நீளமாக வைக்கச் சொன்னது இதற்காகத்தான். நீளம் கூடினால் மடங்குவது நிதானமாகும். பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பழகினேன்.

தேனிக்கு மஹாளய அமாவாசைக்கு நாலு நாள் முன்னால் கிளம்பினோம். விடிகாலை ஐந்து மணி, மதினி முன் சீட்டில். பொம்மைகளை வைக்கோலில் புதைத்துப் பெட்டிகளில் அடுக்கி, கனமானவற்றைச் சக்கரத்துக்கு நேர் மேலே வைத்துக் கட்டினோம். நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி, உசிலம்பட்டி வழி. 45க்கு மேல் போகவில்லை. பின்னால் வந்த பஸ்காரர்கள் ஹாரன் அடித்தார்கள், ஓரம் கிடைத்த இடத்திலெல்லாம் ஒதுங்கி வழி விட்டேன். ஆண்டிபட்டி கணவாயில்தான் கொஞ்சம் யோசனை. ஏற்றத்தில் இரண்டாவது கியரில் எஞ்சின் திணறாமல் ஏறியது. முதல் கியருக்கு இந்த வண்டியில் சிங்க்ரோ கிடையாது, ஓடும்போது கீழே இறக்க முடியாது, நின்றுதான் போட வேண்டும். ஏற்றத்தில் நின்றால் கிளட்ச் பாடுபடும், அதனால் முன்னால் போகும் லாரிக்கும் நமக்கும் நல்ல இடைவெளி விட்டே ஏறினேன். இறக்கத்திலும் இரண்டாவது கியர். பிரேக்கை வளைவுக்கு முன்னால், வண்டி நேராக இருக்கும்போதே போட்டு முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் கால் பிரேக் பக்கமே போகக் கூடாது. ஒரு இடத்தில் ஆடு குறுக்கே வந்தபோது மட்டும் நிஜமாகப் பயந்தேன், அதுவும் நேர்ச்சாலையாகப் போனதால் ஒன்றும் ஆகவில்லை.

தேனியில் மதினியும் தங்கையும் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பொம்மையாக வைக்கோலிலிருந்து எடுத்தார்கள். நான் பக்கத்தில் நிற்க முடியாமல் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு போல்ட்டுகளைப் பார்த்தேன். பம்பர் பக்க போல்ட் ஒன்று கால் சுற்று இறங்கியது, மற்றவை அப்படியே இருந்தன. புதிதாக மாட்டிய எதையும் முதல் 100 கிலோமீட்டரில் திரும்ப இறுக்க வேண்டும். கிளம்பும் முன் கதவு இடுக்குகளை அளந்து குறித்து வைத்திருந்தேன், கூரை இல்லாத வண்டியில் பாடி வளைந்தால் முதலில் அங்கேதான் தெரியும். திரும்ப அளந்தேன், மாற்றமே இல்லை. இழுவை முழுக்கச் சேசிஸுக்குத்தான் போயிருக்கிறது.

எழுந்து வந்தபோது கடைசிப் பெட்டி காலியாகியிருந்தது. சீமந்த செட்டில் வளையல்காரரின் குடை நுனி மட்டும் ஒரு நகக்கண் அளவுக்குப் பெயர்ந்திருந்தது. மதினி கையோடு கொண்டுவந்திருந்த வண்ணத்தைத் தொட்டு வைத்தார், போய்விட்டது.

மொத்தச் செலவு, டிரெய்லரைச் சேர்க்காமல், துரு வெட்டிய வேலையையும் சேர்த்து, 11,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்தது. வீட்டுக்கு வந்ததும் பந்தில் கிரீஸ் தடவி, பழைய டென்னிஸ் பந்தை வாய் கிழித்து மாட்டி வைத்திருக்கிறேன். கார்த்திகையில் குடில் பொம்மை வேலை தொடங்கும், கொடைக்கானலில் இருக்கும் தோழிக்கு ஒரு செட் கொண்டுபோக முடியுமா என்று மதினி கேட்டார். டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டு அந்த மலையில் டிரெய்லரோடு இறங்க மாட்டேன், வத்தலக்குண்டு வரை கொண்டுவந்து தருகிறேன் மதினி, அவர்களைக் கீழே இறங்கி வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன். சரி, கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.